தம்பி பேரில் ஊர்க்காவல்

சான் மிகெல் யாலோனா,
மெக்சிகோ,
ஜனவரி 11, 1998

அன்புத் தம்பி எர்மிலோவுக்கு,

அக்கா ஒத்திலியா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மலையில் பனி இறங்கியிருக்கிறது, ஊருக்கே சளி, எனக்கும் கொஞ்சம். நீயும் நோர்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன தடவை போனில் அவள் இருமிக்கொண்டே பேசினாள். தேனும் எலுமிச்சையும் லாஸ் ஏஞ்சலஸில் கிடைக்காமலா போய்விடும், வாங்கிக் கொடு.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நம் ஊர்ப் போன் கூண்டில் பேசினால் எதிர்முனைக்குப் போவதற்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சேதி போய்விடுகிறது. அதனால் கடிதம்.

இந்த வருஷத்து ஊர்க்காவல் பொறுப்பு உன் பேருக்கு விழுந்திருக்கிறது. வடக்கே அமெரிக்காவுக்குப் போனவன் வந்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வீட்டு மனையும் அப்பாவின் காப்பித் தோட்டமும் ஊருக்குத் திரும்பிவிடும். ஆள் வைக்க நீ பணம் அனுப்புவாய் என்று ஊர்ச் சபையில் எல்லோரும் காத்திருந்தார்கள். நான் சபைக் கூடத்து வாசலில் போய் நின்றேன். பெண்கள் உள்ளே போகக்கூடாது அல்லவா, வெளியிலிருந்தே சொன்னேன்.

"எர்மிலோவோட காவலை நான் செய்யறேன்."

சிரித்தார்கள். ஊர்த்தலைவர் தோன் எலிகியோ மட்டும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "குடிச்சுட்டு விழுந்து கிடக்கறவனைக் கொட்டடிக்குத் தூக்கிட்டு வரணும், ஒத்தி. உன்னால ஆகுமா?"

"என் புருஷனை அவன் சாகற வரைக்கும் தூக்கியிருக்கேன். பழகின கைதான்."

இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். "சரி, செய். ஆனா எழுதறது எர்மிலோன்னுதான் எழுதுவோம். பொம்பளை பேரை எழுதற வழக்கம் இல்ல."

காவல் கோலைக் கையில் கொடுத்தார்கள். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

இன்னொரு சேதி. மாவு மில்லில் ஞாயிறுதோறும் கூடுகிற எங்கள் பெண்கள் சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். சம்பளமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. மில் ஓட்டுகிற மக்காரியா அத்தைதான் முதலில் என் பேரைச் சொன்னாள். "நகரத்துல வீட்டுவேலைக்குப் போய் நம்ம மலைப் பேச்சோட ஸ்பானிஷும் கத்துக்கிட்டு வந்தே. அதை வெச்சு உன் புருஷனைத் திட்டினதோட சரி. இனிமே எங்களுக்காவது பேசு" என்றாள். நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஊர்வேலை செய்கிற பெண்ணுக்குச் சபையில் பேரும் கை தூக்கும் உரிமையும் வேண்டும். அடிபட்டு வந்து நிற்கிறவளின் புகாரை ஊர் கேட்க வேண்டும்.

நோர்மாவுக்கு என் அன்பைச் சொல். அவளை நான் உங்கள் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் என் தங்கைதான்.

உன் அக்கா,
ஒத்திலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
பிப்ரவரி 15, 1998

அன்புள்ள அக்காவுக்கு,

எர்மிலோ எழுதுகிறேன். நலம். உன் சளி விட்டதா? உன் கடிதத்தை உணவகத்தின் பின்வாசலில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். சிரித்துச் சிரித்து முதலாளி எட்டிப் பார்த்துவிட்டார்.

சேதி உன் கடிதத்துக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடைப்பந்து மைதானத்தில் கூடுவோம். அங்கே ஒரே கேலி. "டேய் எர்மிலோ, உங்க அக்கா கோலெடுத்துட்டாளாமே. அப்ப நீ ஊருக்குப் போனா பாவாடை கட்டிக்கிட்டு மாவு அரைப்பியா?" நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்வது?

நீ செய்வது எனக்குப் பெரிய உதவி. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சங்கத்தையும் காவலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே. சங்கம் உன்னுடையது. கோல் என் பேரில் இருக்கிறது. கெட்ட பேர் வந்தால் அது எனக்குத்தான் வரும்.

நோர்மா நலம். இருமல் போய்விட்டது. பேக்கரியில் வேலை அதிகம், அதனால் தனியாக எழுத முடியவில்லை. உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

தம்பி,
எர்மிலோ


சான் மிகெல் யாலோனா,
மார்ச் 29, 1998

அன்புத் தம்பிக்கு,

நலம். இங்கே காப்பிப் பழம் பறித்து முடிந்தது, விரல்கள் மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. நீ வெங்காயத்தோடு போராடுகிறாய், நான் குடிகாரர்களோடு. அவர்கள் பரவாயில்லை. மறுநாள் காலையில் கொட்டடியிலிருந்து வெளியே வரும்போது வெட்கப்பட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன், அங்கே வேறு மாதிரி வந்து சேரும். போன சனிக்கிழமை காந்திதா மில்லுக்கு வந்தாள். கையில் மாவுப் பாத்திரம் இல்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. புருஷன் சிலவேரியோ அடித்திருக்கிறான், முதல் தடவை இல்லை. மக்காரியா அத்தை மில்லை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கோல் சுவரில் சாய்ந்திருந்தது.

நான் தனியாகப் போகவில்லை. மில்லிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் முழங்கை வரை மாவோடு அப்படியே வந்தார்கள். சிலவேரியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எந்திரி. கொட்டடிக்கு வா."

"யாரு பேருல கூப்பிடறே?"

"ஊர் பேருல."

"கோல் எர்மிலோவுது. எர்மிலோவை வரச் சொல்லு, வரேன்."

மக்காரியா அத்தை பின்னாலிருந்து, "எர்மிலோ வடக்கே பாத்திரம் கழுவிட்டிருக்கான்டா. அவன் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கப் போறியா? உனக்கு அடுத்த வேளைக்கு டோர்ட்டியா ரொட்டி தட்ட இங்க யாரும் இல்ல" என்றாள்.

யாரும் அவனைத் தொடவில்லை. முற்றத்தில் சும்மா நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து வந்தான்.

தோன் எலிகியோ ஓடி வந்து கேட்டார். "குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் பிடிச்சே?"

"பொண்டாட்டியை அடிச்சதுக்கு."

"அதுக்குப் பிடிக்கற வழக்கம் இல்லையே, ஒத்தி."

"இன்னிக்கு ஆரம்பிக்கட்டும்."

மறுநாள் மதியம் வரைக்கும் உள்ளே வைத்திருந்தார். காந்திதா இப்போது தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். இதற்குப் பிறகு சில வீடுகளில் பெண்களைச் சங்கத்துக்குப் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். தடுக்கப்பட்டவர்கள் மாவரைக்க வருகிற சாக்கில் வருகிறார்கள்.

நோர்மாவின் குரலைக் கேட்டு நாளாகிறது. போன தடவை பட்டப்பகலில் கூப்பிட்டேன், தூங்குகிறாள் என்றாய். உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

அக்கா,
ஒத்திலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
மே 10, 1998

அக்காவுக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

சிலவேரியோவின் தம்பி ஃபவுஸ்தோ இதே தெருவில் இருக்கிறான், இதே மைதானத்துக்கு வருகிறான் என்பதை நீ யோசித்தாயா? இப்போது அங்கே யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. பேசுவதே இல்லை. அதைவிடக் கேலியே தேவலை.

இந்தக் கடிதம் கொண்டு வருகிறவரிடம் கூலி ஆளுக்கான பணம் கொடுத்திருக்கிறேன். கோலை அந்தக் கூலி ஆளிடம் கொடுத்துவிட்டு நீ உன் சங்கத்தைப் பார்த்துக்கொள். உன் மேல் கோபம் இல்லை. எனக்கு அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

எர்மிலோ


சான் மிகெல் யாலோனா,
ஜூன் 28, 1998

எர்மிலோ,

உன் பணத்தைக் கொண்டு வந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வந்து சேர்ந்திருக்கும்.

இன்று சபை கூடியது. நாங்கள் இப்போதெல்லாம் ஒவ்வொரு சபைக்கும் போய் வாசலுக்கு வெளியே நிற்கிறோம். இன்று மழை பிடித்துக்கொண்டது. மலை மழை, உனக்குத் தெரியும். கைக்குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். தோன் எலிகியோ பார்த்தார், பார்த்தார், கடைசியில், "உள்ள வந்து சுவரோரமா நில்லுங்க. பேச வேணாம்" என்றார்.

இந்த ஊரில் ஒரு பெண் அந்தக் கூடத்துக்குள் தரை பெருக்குவதற்கு மட்டுமே போயிருக்கிறாள். முப்பது பேருக்கு மேல் ஈரத்தோடு உள்ளே போனோம்.

"உள்ள வந்தாச்சு. பேசாம எப்படி, தோன் எலிகியோ?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் பேச ஆரம்பித்துவிட்டேன். தேவாலயம் துடைப்பது, தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டுவது, பள்ளிக்கூடத்தில் சமைப்பது, பாதிக்கு மேல் வடக்கே போனவர்கள் பேரில் நாங்கள் செய்வதுதான் என்றேன். செய்கிற கைக்குப் பேர் வேண்டும் என்றேன். காந்திதாவின் காதைப் பற்றியும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள், எர்மிலோ. நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது சிலவேரியோ எழுந்தான்.

"இவ யாரு வீட்டைத் திருத்த வந்திருக்கா? என் தம்பி ஃபவுஸ்தோ வடக்கே இருக்கான். எர்மிலோ பொண்டாட்டி கண்ணு வீங்கி, உதடு கிழிஞ்சு பேக்கரியில நின்னதை அவன் பாத்திருக்கான். எர்மிலோ கோலை வெச்சு என்னைப் பிடிச்சா. எர்மிலோவை யாரு பிடிக்கறது?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பொய் என்று கத்த வாய் வந்தது. ஆனால் நோர்மா பகலில் தூங்கியது நினைவுக்கு வந்தது. உன் கடிதங்களில் அவள் தேய்ந்துகொண்டே போனதும் நினைவுக்கு வந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். "கேக்கறேன். கேட்டுட்டு இதே எடத்துல வந்து சொல்றேன். நெசமா இருந்தாலும் சொல்றேன்."

இப்போது கேட்கிறேன். அடித்தாயா?

ஒத்திலியா


சான் மிகெல் யாலோனா,
ஆகஸ்ட் 2, 1998

அன்புள்ள நோர்மாவுக்கு,

நான் எர்மிலோவின் அக்கா. உன் வீட்டு முகவரிக்கு எழுதாமல் பேக்கரி முகவரிக்கு எழுதுகிறேன். அதை நடத்துகிற தோன்யா லெயோனிலா நம் ஊர்க்காரி, பிரிக்காமல் உன் கையில் கொடுப்பாள்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? எல்லாக் கடிதத்திலும் கேட்கிற கேள்விதான், இந்த முறை பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

அவனுக்கு எழுதினேன், ஒரு மாதமாகப் பதில் இல்லை. ஊரில் ஒன்று சொல்கிறார்கள். உண்மையா என்று நீ எனக்கு நிரூபிக்க வேண்டாம். எழுத விருப்பமில்லை என்றால் எழுதவும் வேண்டாம். நான் அவனுடைய அக்கா. நீ எதைச் சொன்னாலும் அவன் பக்கம்தான் சாய்வேன் என்று நீ நினைத்தால் அது நியாயம்தான். ஆனால் அப்படி ஆகாது. என் கல்யாணத்தில் நான் அடி வாங்கிய காலத்தில் என் மாமியார் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருப்பாள். நான் அப்படிக் கதவு சாத்தமாட்டேன்.

உனக்கு இங்கே ஒரு வீடு உண்டு. அவன் இல்லாமலும் உண்டு.

உன் அக்காவாக,
ஒத்திலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
ஆகஸ்ட் 30, 1998

மதிப்பிற்குரிய ஒத்திலியா அக்காவுக்கு,

நோர்மா எழுதுகிறேன். இப்போது நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதத்தை ரொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். தோன்யா லெயோனிலா ஒன்றும் கேட்காமல் என் தட்டுகளையும் அவரே எடுத்து வைத்தார்.

உண்மைதான் அக்கா. பிப்ரவரியிலிருந்து நான் அந்த வீட்டில் இல்லை. பேக்கரிக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். நான் உங்களைக் கேட்டதாக அவர் எழுதியிருந்தால், அதை எழுதும்போது நான் அங்கே இல்லை.

நீங்கள் கோலெடுத்த சேதி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மைதானத்திலிருந்து வந்தார். எல்லோரும் கேலி செய்தார்கள் என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான், "உங்க அக்கா செஞ்சது சரிதானே, நல்லா செஞ்சாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உங்களால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அதற்கு முன்னால் சூப் ஆறிப்போனதற்கு, பஸ் தாமதமானதற்கு, சில நாள் எதற்கு என்றே தெரியாமல். அடித்துவிட்டு அழுவார். அழும்போது நான்தான் தேற்ற வேண்டும். அதுதான் எனக்கு அதிகம் அலுத்துப்போனது.

சபையில் சொல்வதாக வாக்குக் கொடுத்தீர்கள் என்று தோன்யா லெயோனிலா கேள்விப்பட்டாராம். சொல்லுங்கள். என் பேரையும் சொல்லுங்கள். 'எர்மிலோ பொண்டாட்டி' என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் நோர்மா அகுய்லார்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போவதில்லை. ஊருக்கும் இப்போதைக்கு வரவில்லை. எனக்கு இங்கே வேலை பிடித்திருக்கிறது. ஆனால் வீடு உண்டு என்று எழுதினீர்களே, அந்த வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோர்மா


லாஸ் ஏஞ்சலஸ்,
செப்டம்பர் 6, 1998

அக்கா,

நோர்மா உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டி விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டியது. அதை நீ ஊர்க் கூடத்துக்கு இழுக்கிறாய். எனக்கு இங்கே என்ன பாடு என்று நீ ஒரு தடவை கேட்டதுண்டா? அந்த வீட்டுச் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் யார் கையால் வந்தது?

தோன் எலிகியோவிடம் போனில் பேசிவிட்டேன். கோலை உன்னிடமிருந்து வாங்கி வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். அது என் பேரில் இருக்கிறது, என் இஷ்டம்.

எர்மிலோ


சான் மிகெல் யாலோனா,
அக்டோபர் 11, 1998

எர்மிலோவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தோன் எலிகியோ வீட்டுக்கு வந்தார். "உன் தம்பி போன் பண்ணிட்டான். என் கையில ஒண்ணும் இல்ல" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோலைக் கொடுத்துவிட்டேன். சண்டை போடவில்லை. நீ சொன்னது சரி, அது உன் பேரில்தான் இருந்தது.

அடுத்த நாள் மில்லில் கூடினோம். நான் சொன்னது இவ்வளவுதான்: "இல்லாதவன் பேருல இனிமே நான் எதுவும் செய்யமாட்டேன். மத்தவங்க அவங்கவங்க யோசிச்சுக்குங்க." எல்லோரும் தயங்கினார்கள். அவர்கள் பயந்தது ஊருக்காக இல்லை, மனைக்காக. வேலை நின்றால் மனை போய்விடும். முதலில் எழுந்தது காந்திதா. "எனக்குப் போறதுக்கு மனையே இல்ல. நான் நிறுத்தறேன்" என்றாள். பிறகு தேவாலயம் துடைக்கிறவள், குழாய் பார்க்கிறவள், பள்ளிச் சமையல்காரிகள். சிலர் அழுதுகொண்டே கை தூக்கினார்கள். மக்காரியா அத்தை மில்லைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டாள். "என் உள்பாவாடைக்குள்ள கைவிட எவனுக்குத் தைரியம் இருக்குன்னு பாப்போம்" என்றாள்.

திருவிழாவுக்கு இரண்டே வாரம் இருந்தது. ஆண்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு புனித மிகெலின் நாள் நெருங்கியது. தேவாலயத்தில் பழைய பூ வாடிக் கிடந்தது. வெளியூர் வாத்தியக் குழு இரண்டு, விழாவுக்கு முன்தினமே மலைச்சரிவில் வாசித்துக்கொண்டே இறங்கி வந்தது. அத்தனை பேருக்கும் விருந்து போட வேண்டும், ஊர் அடுப்பில் புகை இல்லை. தோன் எலிகியோவும் சபைக்காரர்களும் கையால் சோளம் அரைத்து டோர்ட்டியா தட்ட உட்கார்ந்தார்கள். நாங்கள் எதிரே சுவரில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தோம்.

"தோன் எலிகியோ, அது டோர்ட்டியாவா, செருப்புக்கு அடித்தோலா?" என்று மக்காரியா அத்தை கேட்டாள். குழல் ஊத வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அவர் மாவுக் கையோடு எழுந்து நின்று, "சபையைக் கூட்டு" என்றார்.

முற்றத்திலேயே கூடியது. நான் முதலில் என் வாக்கைக் காப்பாற்றினேன். "ஜூன் மாசம் ஒரு கேள்வி கேட்டீங்க. கேட்டுட்டு வந்திருக்கேன். நெசம்தான். என் தம்பி எர்மிலோ அடிச்சிருக்கான். அவ பேரு நோர்மா அகுய்லார். சொல்லச் சொன்னதும் அவதான்" என்றேன். சிலவேரியோ என்னவோ சொல்ல எழுந்தான். நான் அவனைப் பார்த்து, "உன்னைப் பிடிச்சது சரி. அவனையும் பிடிக்கணும்ங்கறதும் சரி. ரெண்டும் சரிதான், உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

வெயில் சாயும்வரை பேசினார்கள். ஒரு கிழவர், பெண்கள் பேர் வந்தால் புனித மிகெல் மழையை நிறுத்திவிடுவார் என்றார். இன்னொருவர், "இப்பவே நம்ம சாப்பாட்டை நிறுத்திட்டாங்களே, அதை மொதல்ல பாருங்க" என்றார். கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். நம்பாமல் மறுபடி எண்ணினார்கள்.

நாங்கள் கேட்டதில் பாதி கிடைத்தது. ஊரில் இல்லாதவனுக்காகப் பொறுப்புச் செய்கிற பெண்ணின் பேர் இனிமேல் சபையில் இருக்கும், அவள் பேசலாம், கை தூக்கலாம். மனையும் அவள் பேருக்கு மாறும். விதவைக்கும் தனியாக இருப்பவளுக்கும் அப்படியே. அடித்தவனைப் பிடிப்பது வழக்கமாகிறது. புருஷன் ஊரிலேயே இருக்கிற பெண்களுக்கு மட்டும் இன்னும் இடமில்லை. அதற்காக ஜனவரியில் மறுபடி நிற்போம்.

இந்த வருஷம் உன் காவலைப் பார்த்தது நான்தான் என்று சபை எழுதியது, ஆகவே உன் பேர் எடுக்கப்பட்டது. வீடும் காப்பித் தோட்டமும் இப்போது என் பேரில் இருக்கின்றன. சிமெண்டும் தகரமும் உன் கையால் வந்ததுதான், மறக்கவில்லை. அவற்றை நான் கேட்டு வாங்கவில்லை, இருந்தாலும் திருப்பிக் கொடுக்கப் போவதும் இல்லை. ஊருக்கு வந்து ஒரு வருஷம் பொறுப்புச் செய்கிறவனுக்கு அவன் பேரை மறுபடி எழுதுவார்கள். ஆண் பெண் எல்லோருக்கும் ஒரே விதி.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு தாமதமானாலும் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

ஒத்திலியா


லாஸ் ஏஞ்சலஸ்,
நவம்பர் 22, 1998

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிப் படித்தேன். மைதானத்துக்குப் போவதில்லை. ஃபவுஸ்தோ ஒருநாள் தெருவில் நிறுத்தி, "ஊருல உனக்குப் பேரே இல்லையாமே" என்றான். அவனை அடிக்கக் கை போனது. கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நோர்மா எழுதியது உண்மை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

பேக்கரிக்கு ஒரு தடவை போனேன். தோன்யா லெயோனிலா வாசலிலேயே நிறுத்திவிட்டார். நோர்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. திரும்பி வந்துவிட்டேன்.

டிசம்பர் கடைசியில் ஊருக்கு வரலாம் என்று இருக்கிறேன். திரும்ப எல்லை தாண்ட முடியுமா என்று தெரியாது. பொறுப்பை நானே செய்கிறேன். படுக்க இடம் இருக்குமா? உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்கவில்லை.

எர்மிலோ


சான் மிகெல் யாலோனா,
டிசம்பர் 13, 1998

அன்புத் தம்பி எர்மிலோவுக்கு,

நான் நலம். கேட்டதற்குச் சந்தோஷம்.

இடம் உண்டு. காப்பி மூட்டை வைக்கிற பின்னறையை ஒழித்து வைக்கிறேன். குளிர் அதிகம், கம்பளி கொண்டு வா.

வருவதற்கு முன் சில விஷயங்கள். நோர்மாவைத் திரும்ப அழைப்பதற்கு இது ஒரு வழி என்று நினைத்து வருவதானால் வராதே. அவள் திரும்பமாட்டாள், எனக்கு எழுதியிருக்கிறாள். அவளும் நானும் மாதம் ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறோம். நீ இங்கே இருந்தாலும் எழுதிக்கொள்வோம். நீ இங்கே தங்கப்போவதையும் அவளிடம் போனில் சொல்லிவிட்டுத்தான் சரி என்று எழுதுகிறேன். பஸ் நிலையத்தில் யாரும் மேளம் வாசிக்கமாட்டார்கள். சிலர் உன்னோடு பேசமாட்டார்கள். மக்காரியா அத்தை நிச்சயம் பேசுவாள், அதற்குத் தயாராக வா.

அடுத்த வருஷத்து ஊர்க்காவலுக்குத் தலைமை யார் என்று போன வாரம் சபையில் கேட்டார்கள். என் பேரைச் சொன்னது தோன் எலிகியோ. இந்த முறை ஒத்திலியா என்றே எழுதினார்கள், எழுதினவருக்கு அந்தப் பேரின் எழுத்துக்கூட்டல் தெரியாமல் என்னிடமே கேட்டார். காவலுக்கு வருகிறவர்களில் நீயும் ஒருவன். நீ வருகிறாய் என்று சொன்னதும், உன்னைத் தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பிவிடலாம், அக்காவும் தம்பியும் ஒரே காவலில் வேண்டாம் என்றார்கள். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் கூடத்தின் பக்கத்து அறையில் பெண்களின் புகாரை ஊர் கேட்கிறது. சங்கத்திலிருந்து இரண்டு பேர் உட்காருவார்கள், ஊர்த்தலைவரும் உட்காருவார். கதவருகே ஒரு காவல்காரன் இருக்க வேண்டும். வருகிறவளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முடிந்ததும் அவள் போகச் சொல்கிற இடத்துக்குத் துணையாகப் போக வேண்டும். வருஷம் முழுக்க அந்த வேலை உனக்கு.

நீ அங்கே எதுவும் பேச வேண்டாம். தேற்ற வேண்டாம், அழவும் வேண்டாம். அவர்கள் சொல்வதைக் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிரு. அதற்காகத்தான் உன்னைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஒத்திலியா